சவுரியம்மாளின் கழுத்து

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் ஹாலை நடத்துகிறவர்கள் வாயைத் திறப்பது குறைவு. திறந்தும் பயனில்லை. வரிசை வரிசையாக மெஷின்கள் ஓடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் தும்மினால்கூடக் கேட்காது. அதனால் கொஞ்சத்தைப் புருவம் சொல்லும், கொஞ்சத்தை விரல் சொல்லும், மீதி எல்லாவற்றையும் கழுத்து சொல்லும். கத்திக் கத்தி வேலை வாங்குகிற சூப்பர்வைசரை அங்கே யாரும் பெரிதாக மதிப்பதில்லை. வேலை தெரியாததால் கத்துகிறார் என்று பேசிக்கொள்வார்கள்.

சவுரியம்மாள் கத்தியதே இல்லை. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, மின்னூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறி அந்த ஹாலுக்குள் நுழைந்தவள். முதலில் நூல் முனை வெட்டினாள். பிறகு மெஷினில் உட்கார்ந்தாள். டேனியலைக் கட்டிக்கொண்டு, மகள் அலீனா பிறந்து, அந்தக் குழந்தை நடக்கத் தொடங்கியதும் திரும்பி வந்து அதே மெஷினில் உட்கார்ந்தாள். அலீனா காட்பாடியில் காலேஜுக்குப் போகிற வயசுக்கு வந்தபோது சவுரியம்மாள் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர் ஆகியிருந்தாள்.

தைத்த பீஸைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டுவார்கள். திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தலை இடமும் வலமுமாக லேசாக ஆடினால் பீஸ் பாஸ். ஆடாமல் நின்றுவிட்டால் போச்சு. "சவுரியக்கா தலை ஆடிச்சா?" என்பதுதான் அந்த லைனில் எல்லோரும் கேட்கிற கேள்வி. ஆடிச்சு என்றால் டீ குடிக்கப் போகலாம்.

அந்தத் தலையைத்தான் கம்பெனி எத்தியோப்பியாவுக்கு அனுப்பியது.

அங்கே மோஜோ என்ற ஊரில் ஷூவின் மேல்பாகம் தைக்க ஒரு புது யூனிட் போட்டிருந்தார்கள். வேலைக்கு எடுத்தவர்கள் எல்லாரும் அந்த ஊர்ப் பெண்கள். ஆறு மாசம் கூட இருந்து அவர்களைத் தயார்செய்ய ஒரு ஆள் வேண்டும். ஹால் மாஸ்டர் அருணகிரி தனக்குத்தான் என்று நினைத்து சூட்கேஸ்கூட வாங்கிவிட்டார். மேனேஜர் நிசார் அஹமது சவுரியம்மாளைக் கூப்பிட்டார்.

"அந்த யூனிட்ட நிக்க வெச்சிட்டு வா சவுரிம்மா. இங்க ஆம்பூர்ல புதுசா கட்றோம்ல, அந்த ஹாலுக்கு நீதான் இன்சார்ஜ்."

அந்தக் கம்பெனியில் அதுவரை ஒரு பெண்ணும் ஹால் இன்சார்ஜ் ஆனதில்லை. சவுரியம்மாளின் தலை ஆடியது. கேண்டீனில் அருணகிரி தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்.

"போவட்டும், போவட்டும். இங்கிலீஷ்ல ஓகே, டேமேஜ், அர்ஜெண்ட் தவிர இன்னா தெரியும் அதுக்கு? ஒரே மாசத்துல அழுதுகினு வரும். என் சூட்கேஸு எங்கயும் போவாது."

அவர் சொன்னதில் பாதி உண்மைதான். சவுரியம்மாளிடம் இருந்த இங்கிலீஷ் முழுக்கக் கம்பெனி இங்கிலீஷ். சொற்கள் இருந்தன, ஒரு வாக்கியம் கிடையாது. அதற்காகத்தான் சுஹேல் அகமது என்ற இளைஞனையும் கூட அனுப்பினார்கள். அவன் சென்னையில் படித்தவன். வெளிநாட்டு ஆட்களிடம் போனில் பேசிப் பழகியவன்.

மோஜோவில் வண்டியை விட்டு இறங்கியதும் சவுரியம்மாள் மூக்கை உறிஞ்சினாள். சுஹேல் கைக்குட்டையைத் தேடினான்.

"தேடாதப்பா. நம்ம ஊரு வாசன தான்," என்றாள். அந்த ஊரிலும் தோல் ஷெட்டுகள் இருந்தன. மஞ்சள் பூத்த புல்வெளியைத் தாண்டி ஆம்பூர் வீசியது. தெருவில் ஓடிய நீல ஆட்டோக்கள்கூட நம் ஊர் ஆட்டோக்கள்தான். அவளுக்குத் தைரியம் வந்தது.

சில நாட்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. கழிவுத் துண்டுகளில் பழக்கினார்கள். சவுரியம்மாள் தைத்துக் காட்டுவாள். சுஹேல் இங்கிலீஷில் சொல்வான். ஆபீஸ் பெண் ஒருத்தி அதை அந்த ஊர் அம்ஹாரிக் மொழியில் சொல்வாள். அதற்குள் சுஹேலின் அத்தாவுக்கு நெஞ்சு வலி என்று வேலூரிலிருந்து போன் வந்தது. அன்றைக்கே அவனை விமானம் ஏற்றிவிட்டார்கள். போகும்போது அவள் போனில் மொழிபெயர்க்கிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அதில் அவள் "நூலை இறுக்காதே" என்று சொன்னாள். அது என்னவாகப் போய்ச் சேர்ந்ததோ, முன்வரிசைப் பெண்கள் மெஷின் மேலேயே சாய்ந்து சிரித்தார்கள். அதோடு ஹாலுக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்றும் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் பெண்ணிடம் போனாலோ அவளுடைய இங்கிலீஷ் வேகமாக ஓடியது. சவுரியம்மாளின் இங்கிலீஷ் வாசலிலேயே நின்றுவிட்டது.

சரி, மெஷின் ஓடும் இடத்தில் பேச்சு எதற்கு என்று அவள் தன்னையே தேற்றிக்கொண்டாள். நம் ஹாலில் என்ன பேசியா வேலை நடக்கிறது?

அப்போதுதான் நிஜத் தோல் வந்தது. பிரச்சினையும் கூடவே வந்தது.

ஹிருத் என்று ஒரு பெண். நீள விரல்கள், நிதானமான கை. அந்த ஹாலிலேயே நல்ல தையல் அவளுடையது. முதல் பீஸைக் கொண்டுவந்து நீட்டினாள். கோடு பிடித்தாற்போல இருந்தது. சவுரியம்மாளின் தலை இடமும் வலமும் மனநிறைவோடு ஆடியது. ஹிருத்தின் முகம் வாடியது. பீஸை எடுத்துக்கொண்டு போனாள், தையலைப் பிரித்தாள், மறுபடி தைத்தாள்.

துணி என்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய துளை இறங்கியதுதான். பிரித்துத் தைத்த பீஸில் பழைய துளைகள் பல்வரிசைபோல் பக்கத்திலேயே நிற்கும். அது குப்பைக்குத்தான் போகும். அதைப் பார்த்த சவுரியம்மாள் திகைத்து, ஏன் பிரித்தாய் என்று கையால் கேட்டாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். ஹிருத் கண் கலங்க அந்தத் தையலையும் பிரித்தாள்.

இன்னொரு பக்கம், கோணலாகத் தைத்த பீஸ்கள் வந்தன. ஆம்பூரில் செய்வதுபோலவே சவுரியம்மாள் தலையை ஆட்டாமல் நின்று, பீஸைத் திருப்பிக் கொடுத்தாள். கொண்டுவந்த பெண்கள் சிரித்த முகத்தோடு போய் அதேபோல இன்னொரு கட்டு தைத்துக் குவித்தார்கள்.

இதுபோதாதென்று வேறொன்று. அவள் எதையாவது கையால் விளக்கிக் காட்டினால் அந்தப் பெண்கள் சடாரென்று மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஆம்பூர் ஹாலில் அப்படி மூச்சு இழுத்தால் ஒரே அர்த்தம், ஊசிக்கு அடியில் விரல் போய்விட்டது. முதல் தடவை அவள் பாய்ந்து போய் ஹிருத்தின் மெஷினை நிறுத்தி, பத்து விரலையும் புரட்டிப் பார்த்தாள். விரல்கள் பத்திரமாக இருந்தன. ஹிருத்தான் பயந்துபோயிருந்தாள். பிறகு சவுரியம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள்: நான் சொல்வது புரியாமல், அல்லது என்னைக் கண்டு நடுங்கி இப்படிச் செய்கிறார்கள். அதனால் சொன்னதையே மெதுவாக, மறுபடியும் மறுபடியும் சொல்லிக் காட்டினாள். அவர்கள் மறுபடியும் மறுபடியும் மூச்சை இழுத்தார்கள்.

பரிசோதனை மேஜையில் ஒதுக்கிய பீஸ்கள் மலையாகக் குவிந்தன. ஹாலில் யாரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றது.

சனிக்கிழமை நிசார் அஹமது வீடியோவில் வந்தார்.

"இன்னா சவுரிம்மா, ரிஜெக்‌ஷன் ரொம்ப ஜாஸ்தியா கீதே?"

"சரி பண்ணிட்றேன் பாய்."

"போன வாரமும் இத்தயேதான் சொன்ன. வர்ற வெள்ளிக்கிழம ஜெர்மனிலேர்ந்து சரக்கு வாங்குற கம்பெனியோட இன்ஸ்பெக்டர் வர்றாரு. அந்த லாட்டு பாஸ் ஆவணும். ஆவலன்னா எனக்கு வேற வழியில்ல, அருணகிரிய அனுப்பிட்டு உன்ன வரச் சொல்லிடுவேன். பேஜார் படாத. அவருக்கு ரெண்டு வார்த்த இங்கிலீஷு கூட வரும், அவ்ளோதான்."

அவர் கத்தவில்லை. நல்ல மேனேஜர். அதனால்தான் அது அதிகமாக உறைத்தது. அவருக்குப் பின்னால் ஒரு புது சூட்கேஸின் கைப்பிடி தெரிந்ததாக அவளுக்குத் தோன்றியது. தெரிந்திருக்காது.

அடுத்து டேனியல் கூப்பிட்டார்.

"திட்டுடி. வீட்ல எங்களத் திட்றாப்ல திட்டு, தானா வழிக்கு வருவாங்க."

"திட்றதுக்கு பாஷ வாணாமா?"

"உனக்கா? நீ எங்கள வாயாலயா திட்ற, கண்ணாலதான."

அவள் சிரிக்கவில்லை. "ஒருவேள நான் சீக்கிரம் வந்துடுவேன் போல கீது," என்றாள். "வந்தா வா. ஆனா நீயா வாணான்னு சொல்லிட்டு வராத. அவங்களா அனுப்பட்டும்," என்றார் டேனியல்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சவுரியம்மாள் கடைத்தெருவுக்குப் போனாள். திரும்புவது எப்படியும் நிச்சயம், அலீனாவுக்கு எதையாவது வாங்கிவிடலாம் என்ற நினைப்பு. மாதா கோயிலுக்கு அந்த ஊர்ப் பெண்கள் போட்டுக்கொண்டு வருகிற மெல்லிய வெள்ளைத் துணி அவள் கண்ணிலேயே இருந்தது. நம் துப்பட்டாவைவிடச் சன்னம். ஓரத்தில் மட்டும் கலர் நெசவு. நெட்டலா என்பார்கள்.

ஒரு கடையில் பருத்த உடம்புக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நீல ஓரம் போட்ட ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினாள். பார்த்ததுமே சவுரியம்மாளுக்குப் பிடித்துவிட்டது. அலீனாவின் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும். தலையை இடமும் வலமும் ஆட்டினாள். கடைக்காரி அதை மடித்துப் பின்னால் போட்டுவிட்டுப் பச்சை ஓரத்தை விரித்தாள்.

இதுவும் நன்றாகத்தான் இருந்தது. தலை ஆடியது. பச்சையும் பின்னால் போனது. சிவப்பு வந்தது. அதற்கும் ஆட்டினாள். சிவப்பும் போனது. கடைக்காரி எழுந்து ஸ்டூல் போட்டு ஏறி மேல் அடுக்கிலிருந்து இறக்கினாள். மூச்சு வாங்கியது. முகத்தில் வியர்வை. சவுரியம்மாளுக்குப் பாவமாக இருந்தது. வேண்டாம்மா, இதெல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது என்ற பொருளில் இன்னும் நன்றாகத் தலையை ஆட்டினாள். கடைக்காரி கீழே இறங்கி, இடுப்பில் கை வைத்து, இதற்கு மேல் என் கடையில் ஒன்றுமில்லை என்பதுபோல் பார்த்தாள்.

விரித்த துணிகளின் குவியலுக்கு அடியில் நீல ஓரம் எட்டிப் பார்த்தது.

பிடித்ததை எல்லாம் இந்தப் பொம்பளை ஏன் எடுத்து எடுத்துப் பின்னால் போட்டாள்? கேள்வி மனதில் முழுதாக எழும்புவதற்குள் ஹிருத்தின் முகம் வந்து நின்றது. நல்ல பீஸைக் கொண்டுபோய்ப் பிரித்த முகம். சவுரியம்மாள் தன் கையைத் தூக்கித் தன் கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தாள், திருடனைப் பிடித்துவிட்டாற்போல.

சோதித்துப் பார்த்துவிட வேண்டும். நீலத் துணியை அடியிலிருந்து உருவி எடுத்தாள். நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். சிரித்தாள். தலையை அசைக்கவில்லை. அசையாமல் இருக்க வேண்டி இடது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுவா வேணும்?" என்ற மாதிரி கடைக்காரி ஏதோ கேட்டாள். "இந்தியா?" என்று அவளைச் சுட்டியும் கேட்டாள்.

"இந்தியா," என்றாள் சவுரியம்மாள். பிறகு கடைக்காரியை, தெருவை, வானத்தைச் சுட்டி, "மோஜோ?" என்று கேட்டாள்.

கடைக்காரி சடாரென்று மூச்சை உள்ளே இழுத்தாள். பயமில்லை, வலியில்லை. முகத்தில் சிரிப்பு. ஆமாம், மோஜோதான்.

ஆக, இத்தனை நாளும் அந்தப் பெண்கள் ஆமாம், ஆமாம், புரிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவளோ தலையை ஆட்டி நல்லதை எல்லாம் வேண்டாம் என்றும், ஆட்டாமல் நின்று கோணலை எல்லாம் சரி என்றும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். சவுரியம்மாள் துணிக் குவியல் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். என்ன ஏது என்று தெரியாமல் கடைக்காரியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிய ஒரு காபி ஆயிற்று.

திங்கட்கிழமை மெஷின்களை ஓட்ட விடவில்லை. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஹாலின் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்றைக்கு வேலை போகப்போகிறது என்று சிலர் நினைத்திருக்கவேண்டும். பின்வரிசையில் ஒருத்தி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சவுரியம்மாள் ஹிருத்தின் பழைய பீஸ் ஒன்றை, பிரிக்காமல் தப்பித்த ஒன்றை, தூக்கிக் காட்டினாள். தலையை இடமும் வலமும் ஆட்டினாள். ஹாலில் பெருமூச்சு எழுந்தது. ஆட்டிக்கொண்டே அந்தப் பீஸுக்கு ஒரு முத்தம் கொடுத்து, நல்ல பீஸ்கள் போகும் பெட்டியில் வைத்தாள். பெருமூச்சு நின்றது. அடுத்து ஒரு கோணல் பீஸை எடுத்தாள். தலை அசையாமல் சிலைபோல் நின்றாள். நின்றபடியே அதைக் குப்பைக் கூடையில் எறிந்தாள். மறுபடி ஒரு நல்லது, ஒரு முத்தம். மறுபடி ஒரு கோணல், ஒரு சிலை. கடைசியில் தன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இந்தியா," என்றாள். தன் தலையில் தானே ஒரு குட்டும் வைத்துக்கொண்டாள்.

முதலில் ஹிருத்தான் எழுந்தாள். பெட்டிக்குப் போய்த் தன் பீஸை எடுத்தாள். சவுரியம்மாளைப் பார்த்துத் தன் தலையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டி, கேள்வியாகப் புருவத்தை உயர்த்தினாள்.

சவுரியம்மாள் தன் வாழ்நாளில் முதல் முறையாக அந்தப் பதிலைச் சொன்னாள். சடாரென்று மூச்சை உள்ளே இழுத்தாள்.

ஹால் சிரித்த சிரிப்பில் ஆபீஸிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஹிருத் சிரித்தாள், பிறகு தான் பிரித்துப் பிரித்துத் தைத்த பீஸ்களின் மலையைப் பார்த்து அழுதாள், பிறகு அழுதபடியே சவுரியம்மாளின் தோளில் ஒரு அடி போட்டாள். அந்த அடி நன்றாகவே விழுந்தது. வாங்கிக்கொண்டாள்.

ஆனாலும் இந்த ஊரில் இனி ஆடாதே என்று சொன்னால் கழுத்து கேட்டதா என்றால், இல்லை. வேலை மும்முரத்தில் நல்ல தையலைக் கண்டால் அது தன்பாட்டில் ஆடியது. செவ்வாய்க்கிழமை நீல நெட்டலாவை எடுத்துக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். அப்படியும் ஆடியது. புதன்கிழமைக்குள் அந்தப் பெண்கள் வேறு முடிவு செய்துவிட்டார்கள். ஒரு கழுத்தை மாற்றுவதைவிட எல்லோரும் தங்கள் கண்ணை மாற்றிக்கொள்வது சுலபம் என்று தோன்றியிருக்க வேண்டும். ஹிருத் ஒரு பீஸை முடித்ததும் பக்கத்து மெஷின்காரியிடம் காட்டுவாள். அவள் சவுரியம்மாளைப்போலவே உதட்டைக் கொஞ்சம் பிதுக்கி, தலையை இடமும் வலமும் ஆட்டுவாள். கேலியாகத் தொடங்கியது. வியாழக்கிழமை கேலி போய்ப் பழக்கம் நின்றது. சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கப் போட்டி. ஒரே பெரிய தட்டில் புளித்த மாவின் அகன்ற தோசையைப் பிய்த்து அவள் வாயில் ஊட்டிவிட்டார்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்கள். அவள் மூச்சை இழுத்தாள், புரையேறியது.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த ஜெர்மன்காரர். சட்டைப் பையில் சின்ன லென்ஸ். பெட்டிகளைத் தானே தேர்ந்தெடுத்துத் திறந்தார். தையலை நிமிண்டினார், மடக்கினார், வெளிச்சத்தில் பிடித்தார். லைனிங்கைப் புரட்டித் துளைகளைத் தேடினார். சவுரியம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நெட்டலாவுக்குள் கழுத்து வியர்த்தது.

அவர் ஒரு பீஸோடு ஹிருத்தின் மெஷினுக்குப் போய், இது உன் தையலா என்று சைகையில் கேட்டார். ஹிருத் அழகாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அவர் குழம்பினார். இல்லையா? அடுத்த மெஷினைப் பார்த்தார். அந்தத் தலையும் ஆடியது. அதற்கடுத்ததும் ஆடியது. வரிசை முழுக்க ஆடியது. அவர் சவுரியம்மாளிடம் திரும்பி, இங்கிலீஷில், அவள்தானே தைத்தாள் என்று கேட்டார்.

சவுரியம்மாள் சடாரென்று மூச்சை உள்ளே இழுத்தாள்.

அவர் லென்ஸைப் பையில் போட்டுவிட்டார். இந்த ஹாலில் யார் எந்த ஊர் என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் தையல் பிடிபட்டது. எல்லாப் பெட்டிகளிலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார். போகும்போது அவளிடம் கை கொடுத்து, "குட். வெரி குட்," என்றார். அந்த இங்கிலீஷ் அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் ஹாலைவிட்டு யாரும் கிளம்பவில்லை. மெஷின்கள் நின்றிருந்ததால் அன்றைக்கு ஒரு நாள் போனை உள்ளே கொண்டுவர விட்டார்கள். வீடியோவில் நிசார் அஹமது வந்தார். அவர் தோளுக்கு மேலே அருணகிரியின் தலை தெரிந்தது.

"மாஷா அல்லா, சவுரிம்மா. மெயில் வந்துடுச்சு. ஒரு பீஸ்கூட ஒதுக்கல. முழுசா ஆறு மாசத்தயும் முடிச்சிட்டு வா. புது ஹாலுக்குத் தளம் போட்டாச்சு. உன் பேர்ல ரூம்பு ஒண்ணு கீது."

அருணகிரியால் பொறுக்க முடியவில்லை. முகத்தை உள்ளே நுழைத்தார்.

"சரி, சூட்கேஸ எங்க வூட்டுக்காரிகிட்ட குடுத்துட்றேன். அது போவட்டும். இன்னா சவுரி, அதுக்குள்ள அந்த ஊரு பாஷய கத்துகினியா?"

"எங்க மாஸ்டர் கத்துக்கறது," என்றாள் சவுரியம்மாள். "ஒரே ஒரு வார்த்த கத்துகினேன். அதுவும் மூச்சு. மீதிக்கு அவங்களுக்கு நம்ம பாஷய கத்துக் குடுத்துட்டேன்."

"கத வுடாத."

அவள் போனை ஹால் பக்கம் திருப்பினாள். மெஷின் மெஷினாக அந்தப் பெண்கள் எழுந்து நின்றிருந்தார்கள். ஹிருத் கையை உயர்த்தி ஒரு சைகை செய்தாள். எல்லாத் தலைகளும் ஒன்றாக இடமும் வலமும் ஆடின. உதடுகூடக் கொஞ்சம் பிதுங்கியிருந்தது.

ஆம்பூரில், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, அருணகிரியின் தலையும் ஆடியது.